பதினொரு மில்லிமீட்டர்

பாலக்கோட்டில் நான் வளர்ந்த காலத்தில் ஸ்கேன் என்ற சொல்லுக்கு ஒரே பொருள்தான். 'ஸ்கேன் பாத்துட்டு வர்றோம்' என்று ஒரு பெண் சொன்னால் எதிரில் இருப்பவரின் கண் தானாக அவள் வயிற்றுக்குப் போகும். அடுத்த கேள்வியை வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள், முகத்தில் தெரியும். ஸ்கேன் சென்டர் சுவரில் பெரிய எழுத்தில் ஒரு பலகை இருக்கும். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே சொல்லப்பட மாட்டாது, சொல்வதும் கேட்பதும் குற்றம் என்று. அந்தப் பலகை இன்றும் இருக்கிறது. கல்லீரலுக்குப் போனாலும், கிட்னி கல்லுக்குப் போனாலும், கழுத்தில் கட்டி என்று போனாலும் அதன் கீழேதான் காத்திருக்க வேண்டும்.

ஒரு கருவி தான் பார்த்ததை வெளியே சொல்லக் கூடாது என்று சட்டம் போட வேண்டிவந்த நாடு இது. அந்தச் சட்டம் தேவைப்பட்ட மாவட்டங்களில் ஒன்று எங்கள் தருமபுரி. அதே கருவி கழுத்துக்கு ஏறியபோது, அதாவது தைராய்டு சுரப்பியில் இருக்கும் கட்டிகளைப் பார்த்து இது புற்றுநோயா இல்லையா என்று ஊகிக்கத் தொடங்கியபோது, கிட்டத்தட்ட அதே கேள்வி வேறு உடையில் வந்து நின்றது. கண்ணில் பட்டதையெல்லாம் சொல்லலாமா? சொன்னதையெல்லாம் வெட்டி எடுக்கலாமா? இந்த இரண்டு வரலாறுகளையும் சேர்த்து யாரும் எழுதிப் படித்த நினைவில்லை. பாலக்கோட்டுக்காரனுக்கு அவை தனித்தனியாகத் தெரிவதில்லை.

முதலில் கருவி. 1955 ஜூலையில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் இயன் டொனால்ட் என்ற மகப்பேறு மருத்துவப் பேராசிரியர், ஆபரேஷனில் வெட்டி எடுத்த கட்டிகளைக் கார் டிக்கியில் போட்டுக்கொண்டு ஒரு பாய்லர் தொழிற்சாலைக்குப் போனார். பாப்காக் அண்ட் வில்காக்ஸ் என்பது கம்பெனியின் பெயர். இரும்புக்குள் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறதா என்று ஒலியை அனுப்பி எதிரொலியை வைத்துக் கண்டுபிடிக்கும் கருவி அங்கே இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க மாட்டிறைச்சித் துண்டு ஒன்றையும் வைத்தார்கள். நீர் கோத்த கட்டி ஒருவிதமாகவும், சதை திரண்ட கட்டி வேறுவிதமாகவும் எதிரொலித்தன. டொனால்டுக்கு அது போதும்.

ஆனால் கருவியை மனித உடம்புக்கு ஏற்றபடி கட்டியது டாம் பிரவுன் என்ற இருபதுகளில் இருந்த எஞ்சினியர். டொனால்ட் செய்துகொண்டிருப்பதைக் கேள்விப்பட்டு, டெலிபோன் புத்தகத்தில் நம்பரைப் பார்த்து அவரே கூப்பிட்டார் என்பார்கள். எனக்கு இந்த ஆளைப் பிடிக்கும். டாக்டர் பெயர் நிலைத்துவிடுகிறது, வயர் இழுத்தவன் பெயர் மூன்றாவதாகப் போய்விடுகிறது. 1958 ஜூனில் லான்செட் இதழில் டொனால்ட், மக்விகார், பிரவுன் மூவர் பெயரிலும் கட்டுரை வந்தது. அவர்கள் பார்த்த நோயாளிகளில் ஒரு பெண்ணுக்கு வயிற்றுப் புற்றுநோய், இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று கைவிட்டிருந்தார்கள். கருவி காட்டியது நீர் நிறைந்த பெரிய சினைப்பைக் கட்டியை. எடுத்துப் போட்டார்கள், பிழைத்துக்கொண்டார். மீயொலி மருத்துவத்துக்குள் நுழைந்ததே 'இது கேன்சர் இல்லை' என்று சொல்லிக்கொண்டுதான். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

டொனால்ட் கருக்கலைப்புக்குக் கடும் எதிரி. பிரிட்டனின் 1967ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டத்தை எதிர்த்து நின்றவர். 1987இல் அவர் இறந்தபோது, இந்திய நகரங்களில் பெண் கருவைக் கண்டுபிடித்துக் கலைக்க அவர் கருவி வேலை செய்யத் தொடங்கியிருந்தது.

எங்கள் பக்கத்துக்கு அது பின்னால்தான் வந்தது. அதற்கு முன்பே கள்ளிப்பால் இருந்தது. 1986இல் இந்தியா டுடேயில் உசிலம்பட்டி பற்றிய கட்டுரை வந்து நாடே அதிர்ந்தது. சேலம், தருமபுரி பெயர்கள் கொஞ்சம் தாமதமாக வந்தன. 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் சேலத்தில் தொடங்கியது. பெண் குழந்தை வேண்டாமென்றால் கொல்லாதீர்கள், தொட்டிலில் போட்டுவிட்டுப் போங்கள் என்று அரசாங்கமே சொன்னது. 2001இல் தருமபுரிக்கும் நீட்டினார்கள். அந்த ஆண்டுக் கணக்கெடுப்பில் மாவட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தைகள் 1000 பேருக்குப் பெண் குழந்தைகள் 826 பேர். 2011இல் அது 913 ஆனது. என் வகுப்பில் பெண்கள் பெஞ்சு ஏன் எப்போதும் சிறியதாக இருந்தது என்று அன்று யாரும் யோசிக்கவில்லை. பிள்ளைகளைப் படிக்க அனுப்பவில்லை என்று நினைத்துக்கொண்டோம்.

சட்டம் 1994இல் நிறைவேறி 1996 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. 2003இல் இன்னும் இறுக்கினார்கள். அதன்படி ஸ்கேன் கருவி எதுவாயினும், எதற்குப் பயன்படுத்தினாலும், பதிவு செய்தாக வேண்டும். கழுத்தை மட்டும் பார்க்கிறேன், வயிற்றுப் பக்கமே போக மாட்டேன் என்று ஒரு டாக்டர் சொன்னாலும் விடமாட்டார்கள். கருவிக்குத் தெரியாதே தான் எங்கே வைக்கப்படுகிறது என்று. கையடக்கக் கருவியைப் பையில் போட்டுக்கொண்டு ஊர் ஊராக முகாம் போவதற்கும் கட்டுப்பாடு உண்டு. பதிவேடு சரியாக எழுதாததே குற்றம் என்பதை 2019இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. ரேடியாலஜிஸ்டுகளுக்கு இதில் நிறைய வருத்தம் உண்டு, ஒரு கட்டம் நிரப்பாமல் விட்டதற்கா இந்தப் பாடு என்பார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கலாம். 826 என்ற எண்ணைப் பார்த்த பிறகு எனக்கு அந்தப் பக்கம் அதிகம் இரக்கம் வரவில்லை.

சரி, கழுத்துக்கு வருவோம்.

தைராய்டு தோலுக்குக் கொஞ்சம் அடியிலேயே, மூச்சுக்குழாயை முன்னால் அணைத்தபடி இருக்கிறது. பல நூற்றாண்டுகளாக அதைப் பார்க்கக் கருவி தேவைப்படவில்லை. வீங்கினால் கழலை என்று ஊரே பார்க்கும். இமயமலை அடிவாரத்தில் காங்க்ரா பள்ளத்தாக்கில் வே. ராமலிங்கசுவாமி 1956இல் தொடங்கிய ஆய்வு, உப்பில் அயோடின் சேர்த்தால் இது குறைகிறது என்று காட்டியது. அதிலிருந்துதான் 1962இல் தேசியத் திட்டம் பிறந்தது, இன்று நம் சமையலறையில் இருக்கும் அயோடின் உப்பும். அந்த ஆய்வுக்குக் கண்ணும் கையும் போதுமாயிருந்தன.

கைக்கு ஓர் எல்லை உண்டு. அயோடின் குறைவில்லாத ஊர்களில் கையால் தடவிப் பார்த்தால் பெண்களில் நூற்றுக்கு 5 பேரிடமும் ஆண்களில் ஒருவரிடமும் கட்டி தட்டுப்படும். ஸ்கேனை வைத்தால் 19 முதல் 68 சதவீதம் பேரிடம் ஏதோ ஒன்று தெரிகிறது. பேருந்தில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு இருக்கலாம். இதை வாசித்துக்கொண்டிருக்கும் உங்களுக்கும் இருக்கலாம். பயப்பட வேண்டாம், பெரும்பாலும் ஒன்றுமில்லை. மேலே பார்க்கத் தகுந்தது என்று மருத்துவர்கள் கருதும் கட்டிகளிலேயே 7 முதல் 15 சதவீதம்தான் புற்றுநோய்.

தைராய்டுக்கு முதன்முதலில் மீயொலியை வைத்துக் காட்டியவர்களில் முக்கியமானவர்கள் ஜப்பானில் ஃபுஜிமோட்டோவும் அவர் குழுவும். 1967இல் அவர்கள் கட்டுரை வந்தது. அன்றைய கருவியை நேரே கழுத்தில் ஒட்ட முடியாது, நடுவே தண்ணீர் வேண்டும். மங்கலான படங்களை நான்கு வகையாகப் பிரித்து, அதில் ஒன்று புற்றுநோய்க்குரியது என்றார்கள். ஆனால் பல வருடங்களுக்கு நடைமுறையில் உறுதியாகச் சொல்ல முடிந்தது டொனால்ட் சொன்னதைத்தான்: இது தண்ணியா, சதையா? பிறகு அதிர்வெண் கூடக்கூட, படம் கூர்மையாகிக்கொண்டே வந்து, ஓரிரு மில்லிமீட்டர் புள்ளிகூடத் தெரியும் நிலை வந்தது.

இப்போது ஸ்கேன் டாக்டர் ஜெல்லைத் தடவி கழுத்தில் கருவியை வைக்கும்போது என்ன பார்க்கிறார்? கட்டி நீரா, சதையா, பஞ்சுபோல ஓட்டையோட்டையாக இருக்கிறதா? சுற்றியிருப்பதைவிடக் கறுப்பாகத் தெரிகிறதா? ஓரம் வழவழவென்று இருக்கிறதா, கிழிந்தாற்போல் இருக்கிறதா? உள்ளே ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளிகள் மினுங்குகின்றனவா? அவை பெரும்பாலும் சுண்ணாம்புத் துகள்கள், நல்ல அறிகுறி இல்லை. எல்லாவற்றையும்விட என்னைக் கவர்ந்தது வடிவம். அகலத்தைவிட உயரம் கூடுதலாக, அதாவது படுத்த முட்டைபோல் இல்லாமல் நிறுத்திவைத்த முட்டைபோல் இருந்தால் சந்தேகம். சாதாரணக் கட்டி திசுக்களின் போக்கிலேயே படுத்து வளரும், புற்று குறுக்கே கிழித்துக்கொண்டு போகும் என்பது விளக்கம். இந்த 'நிற்கும் கட்டி'யை ஒரு முக்கிய அடையாளமாக 2002இல் முன்வைத்தது கொரியக் குழு ஒன்று. கொரியா என்ற பெயர் மறுபடி வரும்.

2009இல் சிலியில் ஹோர்வாத் குழு இவற்றையெல்லாம் ஒரு தர வரிசையாகக் கட்டியது. 2017இல் அமெரிக்க ரேடியாலஜி கல்லூரி மதிப்பெண் முறை கொண்டுவந்தது. சதைக்கு இவ்வளவு, கறுப்புக்கு இவ்வளவு, நிற்கும் வடிவத்துக்கு 3 என்று போட்டுக் கூட்டினால் டிஆர்1 முதல் டிஆர்5 வரை ஒரு தரம் கிடைக்கும். ரிப்போர்ட்டில் 'டைராட்ஸ்' என்று பார்த்திருப்பீர்களே, அதுதான். இதில் கவனிக்க வேண்டியது தரத்தை அல்ல, அதோடு கட்டியிருக்கும் அளவை. டிஆர்3 என்றால் 2.5 சென்டிமீட்டர் ஆகும்வரை ஊசி போட்டுச் செல் எடுக்க வேண்டாம். டிஆர்4 என்றால் 1.5. மிகச் சந்தேகமான டிஆர்5கூட 1 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் பொதுவாகத் தொட வேண்டாம், கண்காணித்தால் போதும்.

படித்தபோது கொஞ்சம் திகைப்பாக இருந்தது. அரை நூற்றாண்டாகச் சின்னதைப் பார்க்கக் கருவியைத் தீட்டிக்கொண்டே வந்துவிட்டு, கடைசியில் சின்னதைப் பார்த்தால் சும்மா இரு என்று விதி எழுதுகிறார்கள். சாஃப்ட்வேரில் இருப்பவர்களுக்கு இது புரியும். சர்வரைக் கண்காணிக்க ஆயிரம் அலாரம் வைத்துவிட்டு, ராத்திரி மூணு மணிக்கு ஒன்றுமில்லாததற்கெல்லாம் எழுப்பப்பட்டு, பிறகு உட்கார்ந்து எதற்கு அடிக்கக் கூடாது என்று எழுதிக்கொண்டிருப்போம். ஆனால் எங்கள் வேலையில் தவறான அலாரத்துக்கு யார் கழுத்தும் அறுபடுவதில்லை.

என் சித்தி மகள் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறாள், வயது 27. கம்பெனி இலவசமாகக் கொடுத்த முழு உடல் பரிசோதனையில் கழுத்து ஸ்கேனும் இருந்தது. எந்தத் தொந்தரவும் இல்லை, கையில் எதுவும் தட்டுப்படவில்லை. 11 மில்லிமீட்டர் கட்டி, டிஆர்4. சித்தி பாலக்கோட்டிலிருந்து ரிப்போர்ட்டை வாட்ஸப்பில் அனுப்பிவிட்டு உடனே கூப்பிட்டார்.

"கண்ணு, கேன்சர்னு போட்டிருக்கா, இல்லன்னு போட்டிருக்கா? அத மட்டும் சொல்லு."

"ரெண்டுமே போடல சித்தி."

"அப்புறம் எதுக்கு அந்த டாக்டரு அடுத்த வாரமே எடுத்துரலாங்கறாரு?"

நான் பதில் தேடிக்கொண்டிருக்கும்போதே அவரே அடுத்ததற்குப் போனார். "கழுத்துல தழும்போட பொண்ண நிறுத்துனா பாக்க வர்றவங்க என்னன்னு கேப்பாங்க?" கொஞ்சம் பொறுத்து, "அதுக்காக உசுர விட முடியுமா."

பிறகு வேறு ஒரு டாக்டரிடம் போனார்கள். அவர் தானே மறுபடி ஸ்கேன் வைத்துப் பார்த்துவிட்டு, "இப்போதைக்கு ஊசிகூட வேண்டாம்மா. ஒரு வருஷம் கழிச்சு வாங்க, வளர்ந்திருந்தா பாத்துக்கலாம்" என்றிருக்கிறார். சித்திக்கு நிம்மதி வரவில்லை. "ஒரு வருசம் எப்பிடிடா தூங்கறது?" என்றார். இந்தக் கேள்விக்கு எந்த மதிப்பெண் முறையிலும் கட்டம் இல்லை.

அந்த டாக்டர் சும்மா சொல்லவில்லை, அதற்குப் பின்னால் நீண்ட கதை இருக்கிறது. 1985இல் ஃபின்லாந்தில் ஹராக் என்பவரும் சகாக்களும், வேறு காரணங்களால் இறந்த 101 பேரின் தைராய்டை மெல்லிய துண்டுகளாக வெட்டிப் பார்த்தார்கள். 36 பேரிடம் பாப்பில்லரி வகைப் புற்றுநோய் இருந்தது. இன்னும் மெல்லியதாக வெட்டினால் இன்னும் கூடும் என்றார்கள். அவர்கள் யாருக்கும் அப்படி ஒன்று இருந்தது தெரியாது. அதோடு வாழ்ந்தார்கள், வேறெதனாலோ இறந்தார்கள்.

இனி கொரியா. 1999இல் அந்நாட்டு அரசு புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் தொடங்கியது. தைராய்டு அதில் இல்லை. ஆனால் மருத்துவமனைகள் கொஞ்சம் பணம் கூடுதலாகக் கொடுத்தால் கழுத்தையும் பார்த்துவிடலாம் என்றன. பார்த்தார்கள். 1993க்கும் 2011க்கும் இடையில் தைராய்டு புற்றுநோய் கண்டறியப்படுவது 15 மடங்கானது. 2011இல் மட்டும் 40,000 பேருக்கு மேல். இறந்தவர்கள்? ஆண்டுக்கு முன்னூறு நானூறு பேர், முன்பு எவ்வளவோ அவ்வளவேதான். ஏறத்தாழ எல்லோருக்கும் ஆபரேஷன் நடந்தது. மூன்றில் இரண்டு பங்கினருக்குச் சுரப்பி முழுதும் போனது. அவர்கள் ஆயுள் முழுக்கக் காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை போட வேண்டும். பத்தில் ஒருவருக்குக் கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் பக்கத்துச் சுரப்பியும் கெட்டது. 2 சதவீதத்தினருக்குக் குரல் நரம்பு போனது. 2014இல் எட்டு கொரிய மருத்துவர்கள் சேர்ந்து பகிரங்கமாக இதை நிறுத்துங்கள் என்று எழுதினார்கள். ஒரு வருடத்துக்குள் ஆபரேஷன்கள் 35 சதவீதம் குறைந்தன. நிற்கும் கட்டியைப் பார்க்க உலகத்துக்குக் கற்றுக்கொடுத்த நாடுதான் இதற்கும் பாடம் கொடுத்தது.

12 நாடுகளின் கணக்கை எடுத்து 2016இல் வெளியான ஓர் ஆய்வு, இருபது வருடங்களில் இப்படித் தேவையில்லாமல் கண்டறியப்பட்டவர்கள் 4,70,000 பெண்கள், 90,000 ஆண்கள் என்று மதிப்பிட்டது. ஐந்துக்கு ஒன்று. வயிற்றில் வைத்தபோதும் இந்தக் கருவியின் பாரம் பெண்கள்மேல்தான் விழுந்தது, கழுத்தில் வைத்தபோதும் அப்படியே.

ஜப்பானில் கோபே நகரத்தின் குமா மருத்துவமனையில் அகிரா மியாவுச்சி 1993லேயே வேறு வழியில் போனார். ஊசி போட்டுப் புற்றுநோய் என்று உறுதியான பிறகும், 1 சென்டிமீட்டருக்குள் இருந்தால், நோயாளி சம்மதித்தால், வெட்டாமல் வருடா வருடம் ஸ்கேன் மட்டும். கேன்சர் என்று சொல்லிவிட்டு 'போய்ட்டு அடுத்த வருஷம் வாங்க' என்பதற்கு எவ்வளவு நெஞ்சுறுதி வேண்டும்! 2014இல் 1235 பேரின் கணக்கை வெளியிட்டார்கள். பத்து வருடத்தில் 8 சதவீதம் பேருக்கே கட்டி 3 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ வளர்ந்திருந்தது. தைராய்டு புற்றுநோயால் யாரும் இறக்கவில்லை. வளர்ந்தவர்களுக்குப் பிறகு ஆபரேஷன் செய்தார்கள், தாமதத்தால் நஷ்டமில்லை. ஒன்றையும் மறைக்கக் கூடாது: வயதானவர்களைவிட நாற்பதுக்குள் இருப்பவர்களிடம்தான் கட்டி அதிகம் வளர்ந்தது. என் தங்கைக்கு 27. சித்தியிடம் இதை மட்டும் நான் சொல்லவில்லை, தங்கையிடம் சொன்னேன்.

இதைப் படித்துவிட்டு யாராவது கழுத்துக் கட்டியை அலட்சியம் செய்தால் அது அபத்தம். வேகமாக வளரும் கட்டி, கம்மிப்போகும் குரல், விழுங்கச் சிரமம், பக்கவாட்டில் நெறி கட்டுவது இவையெல்லாம் உடனே டாக்டரிடம் போக வேண்டியவை. மாதக் கணக்கில் ஆளை முடித்துவிடும் தைராய்டு புற்றுநோய் வகையும் உண்டு. கையில் தட்டுப்படும் கட்டிக்கு ஸ்கேனைப்போல் உதவுவது வேறில்லை. பல பேரை அது தேவையற்ற ஊசியிலிருந்தும் கத்தியிலிருந்தும் காப்பாற்றுகிறது, 1958இல் செய்ததுபோலவே. சிக்கல், கேட்காத கழுத்துகளில் போய்த் தேடும்போது வருகிறது. அமெரிக்காவின் தடுப்பு மருத்துவக் குழு 2017இல், அறிகுறி இல்லாதவர்களுக்குத் தைராய்டு புற்றுநோய்ப் பரிசோதனை வேண்டாம் என்றே பரிந்துரைத்தது.

நம் பக்கத்தில் இது திருவனந்தபுரத்தில் தெரிகிறது. இந்தியப் பதிவேடுகளில் பெண்களிடம் இந்தப் புற்றுநோய் மிகக் கூடுதலாகப் பதிவாகும் இடங்களில் அது ஒன்று. கேரளம் என்றதும் எல்லோரும் கருநாகப்பள்ளி கடற்கரை மணலின் கதிர்வீச்சைச் சொல்வார்கள். அங்கேயே பல வருடம் மக்களைப் பின்தொடர்ந்து 2009இல் வந்த ஆய்வு, அந்தக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகக் காணவில்லை. 2020இல் வெளியான வேறோர் ஆய்வு, 2006 முதல் 2014 வரை இந்தியப் பெண்களிடம் கண்டறியப்பட்டவற்றில் பாதியளவு தேடியதால் கிடைத்தவை என்று கணித்தது. திருவனந்தபுரத்தில் அந்தப் பங்கு அதைவிடக் கூடுதல். நல்ல மருத்துவ வசதி, பக்கத்திலேயே ஸ்கேன், பரிசோதனைக்குத் தயங்காத மக்கள். ஓசூரும் பெங்களூரும் இப்போது அந்தப் பாதையில்தான் இருக்கின்றன. செக்கப் பேக்கேஜ்களில் கழுத்து ஸ்கேன் சத்தமில்லாமல் ஏறிக்கொண்டிருக்கிறது. பாலக்கோட்டுப் பெண்கள் வேலைக்குப் போவதும் அங்கேதான்.

தங்கை முதல் வருடம் போனபோது 11. இரண்டாம் வருடம் 12. அளக்கும் கை மாறினாலே ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் வரும், குறைந்தது இரண்டு திசையில் 2 மில்லிமீட்டரும் 20 சதவீதமும் கூடினால்தான் வளர்ச்சி என்று கணக்கு என்றார் டாக்டர். சித்தி அந்த ஒரு மில்லிமீட்டரையே பிடித்துக்கொண்டு மூன்று மாதம் இருந்தார். இடையில் நல்ல இடமொன்று வந்தது. இதை மாப்பிள்ளை வீட்டில் சொல்வதா வேண்டாமா என்று வீட்டில் ஒரே விவாதம். சித்தப்பா சொல்ல வேண்டாம் என்றார். சித்தி ஒருநாள் சொல்லலாம் என்பார், மறுநாள் மாற்றிப் பேசுவார். என்னிடமும் கேட்டார்கள். அதற்குள் தங்கை தானே அந்தப் பையனுக்குப் போன் போட்டு, அளவு முதற்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

"தைராய்டா?" என்றானாம் அவன். "எங்கம்மாவுக்கும் இருக்குங்க. மாத்திர போடறாங்க."

அது வேறு, இது வேறு என்று அவனுக்கு விளக்க அவளுக்கு முக்கால் மணி நேரம் ஆனது என்றாள்.